சுட்ட பெயிண்ட்டும் சுடாத துப்பாக்கியும்

துப்பாக்கின்னா நமக்குத் தெரிஞ்சது தீபாவளித் துப்பாக்கி தான். சுருள் கேப்பை உள்ள மாட்டி டப் டப்புன்னு அமுக்கினா பத்துல மூணு வெடிக்கும். மிச்சம் ஏழை தரையில வச்சு கல்லால நசுக்கணும். அடுத்த தீபாவளிக்குப் பரண்ல இருந்து எடுத்தா துருப்பிடிச்சு விசையே நகராது. அப்பாகிட்ட கொடுத்தா ரெண்டு சொட்டு தேங்காயெண்ணெய் விட்டுத் தருவார். அத்தோட சரி நம்ம ஆயுத அனுபவம்.

அப்படிப்பட்ட அப்பாவி, 2024 அக்டோபர்ல ஒரு சனிக்கிழமை, ஹூஸ்டன் பக்கத்துல ஒரு கார் ஷெட்டுக்குள்ள நின்னுக்கிட்டு நிஜத் துப்பாக்கியோட ஸ்லைடை கம்பியில கட்டித் தொங்கவிட்டு ஓவன்ல வச்சு சுட்டுக்கிட்டு இருந்தேன்னா, அதுக்குக் காரணம் பக்கத்து வீட்டுப் பெருசு.

பெருசுக்கு வயசு அறுபத்தஞ்சு இருக்கும். தனியா இருக்கார். என்னை 'ஸன்'னு தான் கூப்பிடுவார். நாங்க இந்த வீட்டுக்கு வாடகைக்கு வந்த மொத வாரமே, குப்பைத் தொட்டியை எந்தக் கிழமை வெளிய வைக்கணும்னு வந்து சொல்லிக் கொடுத்த புண்ணியவான். நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது ஜாவான்னு ஒரு நாள் வாய் தவறிச் சொல்லிட்டேன். அதுல இருந்து அவர் வீட்டு லான்மோவர் மக்கர் பண்ணினா என்னைத் தான் கூப்பிடுவார். நாலு வருஷம் படிச்ச மெக்கானிக்கலுக்கு அமெரிக்காவுல கிடைச்ச ஒரே மரியாதை அதான் :-)

அந்த ஜூலையில பெரில் புயல் அடிச்சு ஊரே இருட்டா கிடந்தப்ப, டார்ச் லைட் தேடி அலமாரி மேல்தட்டைக் குடைஞ்சிருக்கார். டார்ச் கிடைக்கல, அவங்க அப்பாவோட துப்பாக்கி கிடைச்சிருக்கு. கோல்ட் கம்பெனியோட கவர்ன்மென்ட் மாடல், சீரீஸ் 70. பொதுவா எல்லாரும் 1911னு சொல்வாங்களே அந்த வகை. அவங்க அப்பா கவுண்ட்டி ஷெரீஃப் ஆபீஸ்ல டெபுட்டியா இருந்தவர். 1972ல சொந்தக் காசுல வாங்கினதாம். 2009ல அவர் போனப்புறம், இடுப்புல மாட்டுற தோல் உறையோட அப்படியே எடுத்து மேல வச்சவர் தான் நம்மாளு. நடுவுல 2017ல ஹார்வி புயல் வந்து வீட்டுக்குள்ள ஒரு அடி தண்ணி நின்னிருக்கு. மேல்தட்டுக்கு தண்ணி வரல. ஆனா ஈரம் வந்துருக்கே, வாரக்கணக்கா.

தோல் உறை இருக்கே, அது இடுப்புல மாட்டத்தான் லாயக்கு, உள்ள வச்சுப் பூட்ட லாயக்கே இல்ல. காத்துல இருக்கிற ஈரத்தை உறிஞ்சி வச்சுக்கும், தோல் பதனிட்ட உப்பும் சேர்ந்துக்கும், உள்ள இருக்கிற இரும்பைக் கொஞ்சம் கொஞ்சமா தின்னும். அதனால உறைக்குள்ள மூடி இருந்த ஸ்லைடு முழுக்க செம்மண் நிறத்துல துரு. சில இடத்துல அம்மைத் தழும்பு மாதிரி குழி. உறைக்கு வெளிய நீட்டிக்கிட்டு இருந்த கைப்பிடிப் பக்கம் பெருசா பாதிப்பு இல்ல. பழைய நீல பாலிஷ் மட்டும் தேய்ஞ்சு, வெள்ளி மாதிரி தெரிஞ்சுது.

அந்த நீலம் பெயிண்ட் இல்லைங்க. ப்ளூயிங்னு சொல்றது. இரும்பு மேல இரும்பையே ஒரு மாதிரி கட்டுப்பாடா 'துரு' பிடிக்க வைக்கிறது. மேக்னடைட்டுங்கிற கருப்பு ஆக்சைடு, ரொம்ப மெல்லிசு. பாக்க அழகு, எண்ணெயைப் பிடிச்சு வச்சுக்கும், ஆனா எண்ணெய் போடாம விட்டா அதால தனியா ஒண்ணும் காப்பாத்த முடியாது. ஹூஸ்டன் மாதிரி வேர்த்து ஊத்துற ஊருக்கு அது பத்தாது. பெருசு ஏற்கனவே விசாரிச்சு முடிச்சிருந்தார். செராகோட்னு ஒரு செராமிக் கலந்த பூச்சு, அதுல ஹெச் சீரீஸ். துப்பாக்கி பெயிண்ட் அடிக்கிற மாதிரியே அடிச்சு, 250 டிகிரி பாரன்ஹீட்ல (நம்ம கணக்குல 121 செல்சியஸ்) ரெண்டு மணி நேரம் வேக வச்சா, அப்புறம் அதை எடுக்கணும்னா மணலடிச்சுத் தான் எடுக்கணும். கரைசல், எண்ணெய், உப்புத் தண்ணி எதுக்கும் அசையாது.

"நீ இஞ்சினியர், எனக்குக் கை நடுங்குது, நீ அடிச்சுத் தர்றியா?"ன்னார்.

ஙேன்னு முழிச்சேன். பயத்துக்குக் காரணம் ரெண்டு. ஒண்ணு தங்கமணி. இன்னொண்ணு அமெரிக்க அரசாங்கம். எது பெருசுன்னு கல்யாணமானவங்களுக்குத் தெரியும்.

அரசாங்க மேட்டரை முதல்ல சொல்லிடறேன், ஏன்னா நம்ம பசங்க நிறைய பேருக்கு இது தெரியறதில்ல. ஆபீஸ் கூட்டாளி கூப்பிட்டான்னு ரேஞ்சுக்குப் போய் சுட்டுட்டு போட்டோ போடுறாங்க. ஹெச்1பி மாதிரி தற்காலிக விசாவுல வந்தவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வச்சிருக்கக் கூடாதுன்னு 1998லயே மத்திய சட்டத்துல சேர்த்துட்டாங்க. வேட்டை லைசென்ஸ் வச்சிருந்தா விதிவிலக்கு, வேற சிலதும் இருக்கு. நான் வேட்டையாடுறது கொசு மட்டும்தான். வச்சிருக்கிறதுன்னா சொந்தமா வாங்கணும்னு கூட இல்ல, கையில வாங்கி நின்னாலே வம்பு ஆகலாம். கிரீன் கார்டு க்யூவுல அனுமார் வாலா நிக்கிற எனக்கு இது தேவையா?

ஆனா சட்டத்துல ஒரு சுவாரசியம் இருக்கு. துப்பாக்கியைக் கழட்டிப் போட்டா எது துப்பாக்கி? சீரியல் நம்பர் அடிச்ச பிரேம் மட்டும்தான். இந்த மாடல்ல ஸ்லைடு, குழல், ஸ்பிரிங் எல்லாம் சட்டத்தோட கண்ணுல வெறும் இரும்புச் சாமான். கடையில பைப்பு வாங்குற மாதிரி. ஆக, பிரேமை நான் தொடாம இருந்தா...

தங்கமணி இதையெல்லாம் பொறுமையா கேட்டுட்டு, "நம்ம வீட்டு ஓவன்ல வைக்க மாட்டீங்களே?"ன்னு ஒரே கேள்வி தான் கேட்டா. நம்மாளுங்க வீட்டுல ஓவன்ங்கிறது இட்லி குக்கரும் தோசைக்கல்லும் அடுக்கி வைக்கிற அலமாரிங்கிறதால அவளுக்கு அந்தக் கவலை. கேள்வி என்னவோ சரியான கேள்வி தான். கரைசல் ஆவி பட்ட ஓவன்ல அப்புறம் சாப்பாடு வைக்கவே கூடாது. பெருசு பழைய சாமான் கடையில ஒரு சின்ன எலெக்ட்ரிக் ஓவன் வாங்கி ஷெட்டுல போட்டிருந்தார். கூடவே தனியா ஒரு தெர்மாமீட்டர். ஓவன் டயல் 250னு காட்டினா உள்ள 280 இருக்கும், இல்ல 220 இருக்கும். அதை நம்பி எதையும் வேக வைக்கக் கூடாது.

அன்னிக்கு பெருசு முதல்ல மேகசினைக் கழட்டினார், ஸ்லைடை இழுத்தார், உள்ள விரல் விட்டுப் பாத்தார், அப்புறம் இன்னொரு தடவை பாத்தார். ஷெட்டுக்குள்ள ஒரு தோட்டா கூட இல்ல. கழட்டி வரிசையா துண்டு மேல பரப்பினார். பிரேமை மட்டும் தனியா தன் பக்கம் வச்சுக்கிட்டார். நான் பிரேமைப் பாத்தேன். கைப்பிடி முன்பக்கம், பின்பக்கம், கட்டை விரல் படுற இடம்... நீலம் போய் இரும்பு பளபளன்னு இருக்கு. நாப்பது வருஷம் ஒரே கை பிடிச்சு தேய்ஞ்ச இடம். பிடிச்சவரோட கை எவ்ளோ பெருசுன்னு கூட சொல்லிடலாம்.

"இதையும் மணலடிச்சு கருப்பாக்கிடணும். புதுசு மாதிரி ஆயிடும்"னார் பெருசு.

எனக்கு வயித்துக்குள்ள ஏதோ பண்ணிச்சு. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன்.

எங்கப்பா அம்பத்தூர்ல ஒரு சைக்கிள் கம்பெனியில பெயிண்ட் ஷாப்புல வேலை பாத்தவர். முப்பத்தோரு வருஷம். சைக்கிள் பிரேம் வரிசையா கொக்கியில தொங்கிக்கிட்டு வரும். எண்ணெய் எடுக்கிற தொட்டி, அலசுற தொட்டி, பாஸ்பேட் தொட்டி, மறுபடி அலசல், அப்புறம் பெயிண்ட், அப்புறம் சூளை மாதிரி நீள ஓவன். சைக்கிள் பெயிண்ட்டும் சுட்ட பெயிண்ட் தாங்க. அதனாலதான் அந்தக் காலத்து சைக்கிள் இருபது வருஷம் மழையில நின்னாலும் பளபளன்னு இருந்துச்சு. அப்பாகிட்டயும் ஒரு கருப்பு சைக்கிள் இருந்துச்சு. என்னை முன்னாடி பாரில உக்கார வச்சு ஸ்கூலுக்குக் கூட்டிப் போன சைக்கிள். அங்கங்க கீறல், பார்ல என் கால் உரசி உரசி பெயிண்ட் போன ரெண்டு தடம்.

2018ல மொத சம்பளம் வாங்கினதும் நான் பண்ணின மகத்தான காரியம், அப்பாவுக்குத் தெரியாம அந்த சைக்கிளை ரோட்டோரக் கடையில கொடுத்து புதுசா பெயிண்ட் அடிச்சு, தங்கக் கலர்ல கோடெல்லாம் போட்டு வாங்கிட்டு வந்து வாசல்ல நிறுத்தினது. அப்பா வந்து பாத்தார். பார் மேல விரலால ஒரு தடவை தடவினார். "நல்லாருக்குடா"ன்னார். உள்ள போய்ட்டார். எனக்கு ஒண்ணும் புரியல. ராத்திரி அம்மா தான் சொன்னாங்க. "அது அவரு கையால அடிச்ச பிரேம்டா. நீ பொறந்த வருஷம். ஸ்டாஃபுக்கு சலுகை விலையில வரும்ல, அவர் ஷிப்டுல அவரே அடிச்சு, அவரே பாத்து எடுத்துட்டு வந்தது."

அதோட விட்டுச்சான்னா இல்ல. நவம்பர் மழைக்கு புதுப் பெயிண்ட் வாழைமட்டை உரியிற மாதிரி உரிஞ்சு வந்துருச்சு. அப்பா அதைக் கையில எடுத்துப் பாத்துட்டு, "அடியில எண்ணெய் இருந்திருக்கு"ன்னார். அவ்ளோதான். என்னை ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா தேவலைன்னு இன்னிக்கும் நினைப்பேன்.

இந்தக் கதையை எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல பெருசுக்குச் சொன்னேன். சைக்கிளுக்கும் பிரேம், துப்பாக்கிக்கும் பிரேம்ங்கிறதால கொஞ்சம் குழம்பினார், அப்புறம் புரிஞ்சுது. ஒண்ணும் பேசல. பிரேமை எடுத்துக் கையில பிடிச்சுப் பாத்தார். அவர் கை அந்தத் தேய்மானத்துல சரியா உக்காரல, அவங்க அப்பா கை இன்னும் பெருசு போல. ஒரு துணியில எண்ணெய் தொட்டு அதைத் துடைச்சு, ரெண்டு மரப் பட்டையையும் மாட்டி, உள்ள கொண்டு போய் பூட்டிட்டு வந்தார்.

"ஸ்லைடு மட்டும் பண்ணுவோம். அதை துரு தின்னுக்கிட்டு இருக்கு"ன்னார்.

பழைய துப்பாக்கியைப் புதுப்பிச்சா சேகரிக்கிறவங்க பாதி விலைக்குக் கூட கேக்க மாட்டாங்கன்னு அவருக்கே தெரியும். விக்கப் போறதில்லைன்னுட்டார். பிரேமை விட்டதுல இன்னொரு நல்லதும் ஆச்சு. சீரியல் நம்பர் மேல கண்ணு மண்ணு தெரியாம மணலடிச்சு அது அழிஞ்சா இங்க அதுவே தனிக் குற்றம்.

மொத சனிக்கிழமை செஞ்சதை சுருக்கமா சொல்றேன், ஏன்னா அது சொதப்பல். ஸ்லைடுக்குள்ள இருந்த ஊசி, எக்ஸ்ட்ராக்டர் எல்லாம் எடுத்தாச்சு. பின்னாடி இருக்கிற குறி பாக்கிற தகடு மட்டும் துருப்பிடிச்சு நகரல. "இருக்கட்டும் விடு"ன்னார் பெருசு. நானும் விட்டேன். அசிட்டோன்ல அரை மணி நேரம் ஊற வச்சோம். அவர் சிநேகிதர்கிட்ட கடன் வாங்கின பெட்டியில வச்சு அலுமினியம் ஆக்சைடு மணல் அடிச்சோம், 100 கிரிட். துரு போய் ஸ்லைடு சாம்பல் கலர்ல பட்டுத்துணி மாதிரி வந்துச்சு. அதுக்கப்புறம் வெறுங்கையில தொடக்கூடாது, விரல் ரேகையில இருக்கிற எண்ணெயே போதும் பெயிண்ட்டைக் கெடுக்க. ரொம்ப நேரம் வைக்கவும் கூடாது, ஹூஸ்டன் காத்துக்கு சாயங்காலத்துக்குள்ள மறுபடி மஞ்ச பூத்துரும். குழல் உரசுற இடம், ஊசி வர்ற ஓட்டை, உள்பக்கத் தண்டவாளம் எல்லாத்துக்கும் சூடு தாங்குற டேப் ஒட்டினோம். தண்டவாளத்துல பூச்சு ஏறினா ஸ்லைடு இறுகிடும். மொத்தப் பூச்சே ஆயிரத்துல ஒரு இஞ்ச், அதாவது 25 மைக்ரான் தான் இருக்கணும். நம்ம தலைமுடியை விட மெல்லிசு. ஆனா அந்தத் தண்டவாளத்துக்கு அதுவே ஜாஸ்தி.

பெயிண்ட் 18 பங்குக்கு கேட்டலிஸ்ட் ஒரு பங்கு. குழந்தைங்களுக்கு மருந்து கொடுக்கிற பிளாஸ்டிக் சிரிஞ்சு ரெண்டு வாங்கி அளந்தோம். வடிகட்டி, சின்ன ஸ்பிரே கன்ல ஊத்தி, மாஸ்க் மாட்டிக்கிட்டு அடிச்சேன். பக்கத்துல போய் அடிச்சா வழியும், தூரமா அடிச்சா காஞ்ச தூளா விழுந்து சொரசொரன்னு ஆயிடும். ஈரமா பளபளப்பு தெரியணும், ஆனா ஓடக்கூடாது. மெக்கானிக்கல் லேப்ல கூட நான் இவ்ளோ கவனமா இருந்ததில்ல.

ரெண்டு மணி நேரம் கழிச்சு ஓவனைத் திறந்தா, பின் குறித் தகட்டைச் சுத்தி கொப்புளம். எண்ணெய்ச்சட்டியில அப்பளம் போட்ட மாதிரி. பெருசு ஒண்ணும் சொல்லல, நாற்காலியில உக்காந்துட்டார்.

ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு வாட்ஸப்புல அந்த போட்டோவை அனுப்பினேன். என்ன ஏதுன்னு சொல்லல, ஒரு இரும்புச் சாமான்னு மட்டும். ஒரு நிமிஷத்துல பதில் வந்துச்சு, வாய்ஸ் மெசேஜா.

"அடியில எண்ணெய் இருந்திருக்கு."

ஆறு வருஷம் கழிச்சு அதே நாலு வார்த்தை கூட இல்லாத தீர்ப்பு. உடனே போன் போட்டு முழுக்கதையும் சொன்னேன். துப்பாக்கின்னதும் அம்மா பின்னாடி இருந்து கத்தினாங்க. அப்பாவுக்கு அதெல்லாம் காதுல விழல. "டேய், இடுக்குல இருக்கிற எண்ணெய் அசிட்டோனுக்கு வராது. பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சும்மா ஒரு தடவை சூடு பண்ணனும். வேக வைக்கிற சூட்டை விட ஜாஸ்தி. அப்பதான் ஒளிஞ்சிருக்கிறது எல்லாம் வேர்த்து வெளிய வரும். வந்ததைத் துடைச்சுட்டு மறுபடி சூடு பண்ணு. வரலைன்னா தான் பெயிண்ட்." செராகோட் கையேட்டுலயும் அதான் போட்டிருக்கு, 300 டிகிரில ஒரு மணி நேரம்னு. நாங்க ரெண்டு பேரும் படிச்சுட்டு, அசிட்டோன் போதும்னு தாண்டிப் போன பக்கம் அது.

அடுத்த சனிக்கிழமை காலையில ஒம்போது மணி, அங்க ராத்திரி ஏழரை. போனை ஒரு பெயிண்ட் டப்பா மேல சாத்தி வச்சு வீடியோவுல அப்பாவை உக்கார வச்சோம். சட்டையெல்லாம் மாத்திட்டு வந்திருந்தார். நான் அசிட்டோன் தட்டை எடுத்து வச்சு மூடியைத் திறக்கப் போறேன்.

"டேய் நில்லு. அங்க நெருப்பு ஏதும் இருக்கா?"

"இல்லப்பா. எலெக்ட்ரிக் ஓவன் தான். அதுவும் ஆஃப்ல இருக்கு."

"போனை எடுத்து சுத்திக் காட்டு."

காட்டினேன். லான்மோவர், ஏணி, பழைய சோபா, மூலையில தண்ணி சுட வைக்கிற டாங்க்.

"அது கரண்ட்டா, கேஸா?"

கிட்டப் போய் குனிஞ்சு பாத்தேன். அடியில சின்ன ஜன்னல். அதுக்குள்ள நீலமா ஒரு சுடர், சாமி விளக்கு மாதிரி அமைதியா எரிஞ்சுக்கிட்டு இருக்கு. இந்தப் பக்கத்துப் பழைய வீடுகள்ல கேஸ் ஹீட்டர் ஷெட்டுல தான் இருக்கும், அந்தப் பைலட் சுடர் ராவும் பகலும் எரியும். அசிட்டோன் ஆவி காத்தை விட கனம். மேல போகாது, தரையோட தவழ்ந்து போகும். தட்டுக்கும் சுடருக்கும் பத்தடி கூட இல்ல. போன வாரமும் அதே இடத்துல தான் அரை மணி நேரம் வச்சிருந்தோம். அன்னிக்கு ஷெட்டுக் கதவு முழுசா திறந்திருந்துச்சு, லேசா காத்தும் இருந்துச்சு. அதனால நான் இதை எழுதிக்கிட்டு இருக்கேன்.

பெருசுகிட்ட சொன்னதும் அவர் முகம் வெளுத்துருச்சு (ஏற்கனவே வெள்ளை, அதுக்கு மேலயும்). எல்லாத்தையும் தூக்கி வெளிய புல்தரைக்குக் கொண்டு போனோம். கேஸை மூடினார். ஸ்பிரே அடிக்கிறதையும் வெளிய ஒரு அட்டைப் பெட்டி கூடாரத்துக்கு மாத்தினோம்.

அப்பா இடது முழங்கையில உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. சின்ன வயசுல கேட்டப்ப, "ஓவன் கதவு பட்டுருச்சு"ன்னு சொல்லியிருந்தார். அன்னிக்கு புல்தரையில நின்னுக்கிட்டு, "எப்படிப்பா கரெக்டா கேட்டீங்க?"ன்னேன். கையை மடக்கி போன்ல காட்டினார். "இது தின்னர்டா. ஒருத்தன் பீடி பத்த வச்சான். உங்கம்மா பயந்துக்குவான்னு ஓவன்னு சொன்னேன்." அம்மா அந்தப் பக்கம் காய் நறுக்கிக்கிட்டு இருந்த சத்தம் நின்னுது. அப்புறம் ரெண்டு நிமிஷம் நடந்த உரையாடலை இங்க எழுத முடியாது.

மிச்சமெல்லாம் அப்பா சொன்னபடி. முதல்ல அந்தக் குறித் தகட்டை எப்படியாவது எடுன்னார். ராத்திரி முழுக்க ஊடுருவுற எண்ணெய் போட்டு ஊற வச்சிருந்ததால, பித்தளைத் தட்டி வச்சு நாலு அடி அடிச்சதும் வந்துருச்சு. அடியில கருப்பா பிசினு மாதிரி அம்பது வருஷத்து எண்ணெய். இதுதான் போன வாரம் கொப்புளிச்சது. 300ல ஒரு மணி நேரம் சூடு. வெளிய எடுத்தா அந்தப் பள்ளத்துல பழுப்பா வேர்வை. துடைச்சு மறுபடி அசிட்டோன், மறுபடி சூடு. மூணாவது தடவை தான் சுத்தமா வந்துச்சு. "தண்ணி ஊத்திப் பாரு"ன்னார். அவங்க ஷாப்புல அதான் பரீட்சையாம். சுத்தமான இரும்புல தண்ணி கண்ணாடி மாதிரி படரும். எண்ணெய் இருந்தா தாமரை இலையில நிக்கிற மாதிரி முத்து முத்தா நிக்கும். படர்ந்துச்சு. உடனே உலர வச்சு, பழைய பூச்சையும் சேத்து மணலடிச்சு, இந்தத் தடவை அடிக்கும்போது அப்பா ஒரே ஒரு விஷயம் தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "ஓரம், ஓரம்." கூர்மையான ஓரத்துல பெயிண்ட் நிக்காம ரெண்டு பக்கமும் விலகி மெல்லிசாயிடும், துரு அங்கதான் முதல்ல நுழையும். அதனால முதல்ல ஓரத்துக்கு ஒரு மெல்லிய கோட், அப்புறம் தட்டைக்கு.

ஓவன் கதவை மூடினதும் பெருசும் அப்பாவும் பேச ஆரம்பிச்சாங்க. அவருக்குத் தமிழ் தெரியாது, இவருக்கு அந்த டெக்ஸாஸ் இங்கிலீஷ் புரியாது. நான் நடுவுல மொழிபெயர்ப்பாளர். கொஞ்ச நேரத்துல நான் தேவைப்படல. பெருசு பூட்டியிருந்த பிரேமை எடுத்துட்டு வந்து, அந்தத் தேய்ஞ்ச இடத்தை கேமரா கிட்ட காட்டினார். அப்பா கண்ணாடியை மேல ஏத்திக்கிட்டுப் பாத்துட்டு, "இதைத் தொடாம விட்டீங்களே, கரெக்ட்"னு தமிழ்லயே சொன்னார். பெருசு தலையை ஆட்டினார். என்ன புரிஞ்சுதோ.

ரெண்டு மணி நேரம் கழிச்சு திறந்தோம். கொப்புளம் இல்ல, வழிசல் இல்ல. மங்கலான கருப்பு, சிலேட்டு மாதிரி. துரு தின்ன குழியெல்லாம் அப்படியே தெரிஞ்சுது. சுவத்துக்கு பட்டி பாக்குற மாதிரி இதுல குழியை அடைக்க முடியாது, 25 மைக்ரான்ல என்னத்தை அடைக்கிறது. பெருசுக்கு அதுல வருத்தம் இல்ல, ஹார்வி தழும்பு இருந்துட்டுப் போகட்டும்னார். ஆறினதும் அவரே தன் கையால மாட்டினார். மேல புதுக் கருப்பு, கீழ தேய்ஞ்ச நீலம். நான் ரெண்டடி தள்ளி, கையைப் பின்னாடி கட்டிக்கிட்டு நின்னேன், கிரீன் கார்டு ஞாபகத்துல. ஸ்லைடை ஒரு தடவை இழுத்து விட்டார். சத்தம் சுத்தமா வந்துச்சு. தோல் உறையைத் தனியா சுவத்துல ஆணியில மாட்டிட்டு, துப்பாக்கியை எண்ணெய்த் துணியோட பெட்டிக்குள்ள வச்சுப் பூட்டினார்.

அப்பா இன்னும் லைன்ல தான் இருந்தார். ஊர்ல ராத்திரி ரெண்டு மணி ஆகப் போகுது.

"நல்லாருக்குடா"ன்னார்.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு 2018 வாசப்படி தான் ஞாபகம் வந்துச்சு. ஏதாவது சொல்லணும்னு வாயைத் திறந்தேன். அதுக்குள்ள அவர், "ஓவன் உள்ளளவு எவ்ளோ இருக்கும்?"னார்.

"ஏன்ப்பா?"

"சைக்கிள் பிரேம் போகுமா?"

"போகாதுப்பா. இது டப்பா மாதிரி இருக்கு. ஸ்லைடே குறுக்கா தான் போச்சு."

"ம்ம். அப்ப பெருசா ஒண்ணு பண்ணனும். தகரத்துல பண்ணிடலாம், ஹீட்டர் காயில் பாரீஸ்ல கிடைக்கும். நீ டிசம்பர்ல வர்றப்ப அந்த பெயிண்ட் மட்டும் பாத்து... இல்ல வேண்டாம், ஏரோப்ளேன்ல விட மாட்டான். இங்கயே பாத்துக்கலாம். புதன்கிழமையே கழட்டிட்டேன்டா. பேரிங் எல்லாம் மண்ணெண்ணெயில ஊறுது."

பின்னாடி அம்மா தூக்கக் கலக்கத்துல, "பால்கனி பூரா நாறுது, அதையும் கேளு அவனை"ன்னு சொன்னது கேட்டுச்சு.